ஆல்பன் ஒட்டிய சிவப்புப் புள்ளி

தன் கண் மங்கிக்கொண்டு வருவது தெரிந்த ஒரு மனிதர், கண் மருத்துவரிடம் போகாமல் எதற்காகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார்?

காஸ்டைகர் ஆல்பனைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ரொட்டிக் கடையில் கேட்டார்கள். பால் வண்டிக்காகக் காத்து நிற்கும்போது கேட்டார்கள். எங்கள் வீடு அவர் வீட்டுக்கு அடுத்த மேட்டில் இருப்பதால் என்னையும் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு அவரும் அவர் மனைவி ரோஸ்விதாவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆல்பனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஒன்பது பசுக்கள், செங்குத்தான ஒரு புல்வெளி, குளிர்காலத்தில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. டிரோல் மலைகளில் இப்படி ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தூரத்தில் ஒரு கலைமான் மரங்களுக்கிடையே நாலு எட்டு நடந்தால் போதும். கழுத்து எப்படி இறங்குகிறது, முதுகு எங்கே தொய்கிறது, தலையை எந்த உயரத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறது என்று பார்த்துவிட்டு, "ஏழு வயசு. விட்டுடு, இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும்" என்பார். அவர் சொன்ன வயது தப்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் வயதுதான் எல்லாம். இளைத்த குட்டியைச் சுடலாம், பல் தேய்ந்த கிழத்தைச் சுடலாம். நடுவயதில் திடமாக இருக்கும் கலைமானைத் தொடக் கூடாது. காடு அதை வைத்துத்தான் நிற்கிறது. வருடம் முழுக்கச் சுட்டவற்றின் கொம்புகளையும் கீழ்த்தாடைகளையும் பிப்ரவரிக் கடைசியில் ஊர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து தர வேண்டும். மூன்று பேர் மேஜையில் உட்கார்ந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள். சரியான மான் என்றால் கொம்புக்கு நடுவே நெற்றி எலும்பில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டப்படும். தவறான மான் என்றால் சிவப்புப் புள்ளி. மறுநாள் எல்லாக் கொம்புகளும் சுவரில் தொங்கும், கீழே சுட்டவர் பெயரோடு. குழந்தை குட்டிகளோடு ஊரே வந்து பார்க்கும். அபராதம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஊர் பார்ப்பதுதான் அபராதம்.

பத்தொன்பது வருடமாக அந்த மூவரில் ஒருவர் ஆல்பன். புள்ளித் தாள் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அடுப்பு கட்டும் வெண்டலின் ஐந்து வயதுக் கலைமானைக் கிழம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மசமசன்னு இருட்டிடுச்சு, ஆல்பன். உடம்பு பெரிசா இருந்துச்சு. கிழம்னே நெனச்சுட்டேன்."

"காது தெரிஞ்சுதா?"

"காதா? அந்த வெளிச்சத்துல காது எங்க தெரியும்?"

"காது தெரியலன்னா சுடக் கூடாது. அவ்வளவுதான் வெண்டலின்."

சிவப்புப் புள்ளியை வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். கோபமாகச் செய்யவில்லை. கதவைச் சாத்துவது போலச் செய்தார்.

ஆனால் அந்த வருடமே அவர் கண்ணில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் செய்தித்தாள் எழுத்து. அப்புறம் எதிரே வரும் கார் விளக்குகளுக்கு மீசை முளைத்தது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டு நகரத்துக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் போனால் நாலு பேரைப் பார்க்கலாம் என்று காரணம் சொன்னார். ரோஸ்விதா அதை நம்பவில்லை. நாலு பேரைக் கண்டால் பாதையை மாற்றிக்கொள்ளும் ஆள் அவர். ஒருநாள் காலையில் காபியைக் கோப்பை வழிய ஊற்றி மேஜை விரிப்பை நனைத்தார்.

"ஆல்பன், கண்ணைக் காட்டிட்டு வாயேன். ஒரு மணி நேர வேலை."

"கண்ணுக்கு என்ன? வெளக்குதான் மங்கல். நீ வாங்கற பல்பு அப்படி."

"மூணு பல்பு மாத்தியாச்சு. இனிமே மாத்தணும்னா உன்னைத்தான் மாத்தணும்."

அவர் சிரித்தார். ஆனால் போகவில்லை. காரணம், அதே சமையலறையில் அடுப்பைச் சுற்றிப் போட்டிருக்கும் மரப் பலகை. அவருடைய அப்பா அந்தப் பலகையில் பதினொரு வருடம் பார்வையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒருநாள் காலை இப்படித்தான் நகரத்து மருத்துவரிடம் போனார். "ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்று மருத்துவர் சொன்னார். அப்பா வீடு திரும்பித் துப்பாக்கியை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு முற்றத்தைத் தாண்டவே இல்லை. அப்போது ஆல்பனுக்கு இருபது வயது. அப்பாவுக்கு இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்தது ஆல்பன்தான். மருத்துவர் வாயால் சொல்லாத வரைக்கும் கண் இருக்கும், சொல்லிவிட்டால் அன்றோடு போய்விடும் என்று அவர் மனதில் ஊறிவிட்டது. இது முட்டாள்தனம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் கால் போகவில்லை.

கண் மங்கத் தொடங்கிய மூன்றாவது வருடம், ஜூன் மாதம், செரபின் மேட்டில் ஏறி வந்தார். செரபின்தான் எங்கள் ஊர் வேட்டைக்காரர்களுக்குத் தலைவர். எழுபத்தொரு வயது, மனைவி இல்லை. ஆல்பனுக்கு இருக்கும் ஒரே நண்பர்.

"டேய், உன் முறை வந்திருச்சு" என்றார், உட்காருவதற்கு முன்பே.

எங்கள் காடு இருபத்திரண்டு வீடுகளுக்குப் பொது. கிழக் கலைமான் ஒன்று அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதைச் சுடும் உரிமை முறைவைத்து வரும். ஆல்பனுக்குப் பதினான்கு வருடம் கழித்து வந்திருந்தது.

"எது?"

"கிழிகாது. பதிமூணு வயசு. இந்தப் பனிக்காலம் தாங்காது. மேல, உப்புக்கல் வெச்ச வெட்டவெளிக்குத் தெனமும் சாயங்காலம் வருது. எடது காது பாதி இல்ல. உனக்கு நான் சொல்லணுமா?"

"மத்தவன்?"

"அவனும் அந்தப் பக்கந்தான் சுத்தறான். பாத்துக்க."

"உன் புள்ளையாச்சே. பாத்துக்கறேன்."

'மத்தவன்' என்றால் செரபினின் மான். செரபினின் மனைவி இறந்த குளிர்காலத்தில், தீனி வைக்கும் இடத்துக்குத் தினமும் பனிச்சறுக்குக் கட்டையில் வைக்கோல் சுமந்து போனார் அவர். பேச ஆளில்லாத அந்த நாட்களில் எலும்பும் தோலுமாக ஒரு கன்று மற்ற மான்கள் ஒதுங்கிய பிறகும் அவர் பக்கத்திலேயே நின்று தின்றது. பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அது உதிர்த்த கொம்புகளைத் தேடி எடுத்து வந்து களஞ்சியச் சுவரில் மாட்டினார். ஆறு ஜோடி. முதல் ஜோடி கரண்டிக் காம்பு அளவு. ஆறாவது ஜோடியின் நுனியில் இரண்டு பக்கமும் கிண்ணம் போல விரிந்த கிரீடம். தேடும்போது ஆல்பனும் கூடப் போவார். அந்த ஆறு ஜோடியையும் அவர் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு" என்று செரபின் அடிக்கடி கணக்குச் சொல்வார். "எனக்கு எழுபத்தாறு ஆகும். சுடணும்னு இல்ல. கெழமாகி நிக்கறதப் பாத்துட்டுப் போயிடுவேன்."

முறை வந்த பிறகு முடியாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். கண் தெரியவில்லை என்று சொன்னால் காடு போகும், மேஜை போகும், ஊரில் இருக்கும் ஒரே பெயர் போகும். மிஞ்சுவது அடுப்புப் பலகைதான். ஆகஸ்டில் ஒருநாள் ஆல்பன் பஸ் ஏறி நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனார். வேட்டைப் பத்திரிகையில் பார்த்திருந்தார்: துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப்புக்குள்ளே, குறிக்கோடுகள் சந்திக்கும் இடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி எரியும். அந்தியில் கறுப்புக் கோடு மானின் இருண்ட தோலில் மறைந்துபோனாலும் அந்தப் புள்ளி மறையாது.

கடையை நடத்துவது மார்லீஸ் என்ற பெண். பச்சைத் துணி விரித்து அதன்மேல் மூன்று ஸ்கோப் எடுத்து வைத்தாள்.

"இதை எடுத்து ஓரமா வெச்சிடறேன். இது கூட்டமா விரட்டற வேட்டைக்கு, ஓடற பன்றிக்கு. நீங்க பரண்ல உக்காந்து பாக்கறவரு. உங்களுக்கு இந்த ரெண்டுல ஒண்ணு. ரெண்டுக்கும் முன்கண்ணாடி பெரிசு, அந்தியில கிடைக்கிற வெளிச்சம் ஒண்ணுதான். புள்ளிதான் வேற. இதுல ரொம்பச் சின்னது, ரொம்ப மங்கலா எறக்கலாம். அதுல பெரிசு, பளிச்னு இருக்கும். வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கத் திருகுல பதினொரு படி."

ஆல்பன் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகல். முதலாவதில் புள்ளி எங்கே என்றே தெரியவில்லை. இரண்டாவதில் செந்நிறப் பொத்தான் மாதிரி கடிகார முள்மேல் உட்கார்ந்தது. மூன்று வருடத்தில் எந்தப் பொருளும் அவர் கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

"இதுதான்."

"அவசரப்படாதீங்க. பகல்ல பாத்தா எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்தான்." மார்லீஸ் பின்பக்கக் கதவைக் காட்டினாள். "பின்னாடி வைக்கோல் கொட்டகையில ஒரு பலகை மான் மாட்டியிருக்கேன். சாம்பல் மேல சாம்பல் பூசினது. அதோட காதுல ஒரு எழுத்து எழுதியிருக்கு. எட்டரை மணி வரைக்கும் இருங்க, காபி போட்டுத் தர்றேன். இருட்டற நேரத்துல ரெண்டையும் எடுத்துட்டுப் போவோம். எது வழியா அந்த எழுத்து தெரியுதோ, அது உங்க ஸ்கோப்."

ஆல்பன் ஸ்கோப்பைத் துணியின்மேல் வைத்தார். எழுத்து. அவளுக்கு முன்னால்.

"பால் கறக்கணும்."

"ரோஸ்விதா கறக்க மாட்டாங்களா?"

"அவளுக்குக் கை வலி."

ரோஸ்விதாவின் கைக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை ஒன்பது பசுவையும் அவள்தான் கறந்தாள்.

மார்லீஸ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஸ்கோப்பைப் பெட்டியில் வைக்கும்போது மட்டும் சொன்னாள்: "புள்ளிய தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கற மாதிரி வெச்சுக்குங்க. பளிச்னு வெச்சா கண்ணு புள்ளியைத்தான் பாக்கும், மானைப் பாக்காது."

"எனக்குத் தெரியாதா, மார்லீஸ்?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா! எல்லார்க்கும் சொல்றதுதான்."

வேறு யாராக இருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். காஸ்டைகர் ஆல்பன் என்பதால் விட்டாள். அவள் இன்றைக்கும் அதை நினைத்து வருந்துகிறாள்.

அந்த வாரமே குறிப்பலகையில் சுட்டுப் பார்த்தார். நல்ல வெயில். மூன்று ஓட்டைகள், ஒரு கட்டைவிரலால் மூடிவிடலாம். அன்று வீட்டுக்கு வந்து ரோஸ்விதாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அவள் பயந்துபோனாள்.

ஊர் விடுதியில் வெண்டலின் விடவில்லை.

"கழுகுக் கண்ணுன்னு சொன்னாங்களே! கழுகு எப்போ கண்ணாடி மாட்ட ஆரம்பிச்சுது?"

"உன் அடுப்பு மாதிரி புகையாம இருந்தா சரி."

மேஜை முழுக்கச் சிரித்தது. ஆல்பனும் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும் என்கிறாள் ரோஸ்விதா.

செப்டம்பர் கடைசி. கலைமான்கள் துணை தேடிக் கத்தும் காலம். நாலு மணிக்கே ஆல்பன் பரணில் ஏறி உட்கார்ந்தார். கறுப்பு ரொட்டியும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கொண்டுபோனார், ஆனால் தின்னவில்லை. வெட்டவெளியின் மறுபக்கத்தில் ஊசியிலை மரங்கள் ஒரே சுவராக நின்றன. மரம் தனித்தனியாகத் தெரிந்து எத்தனை காலமாயிற்று!

ஆறே முக்காலுக்கு அந்தச் சுவருக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது. கனமான, அடித்தொண்டைக் கத்தல். கிழிகாதுதான். கொஞ்ச நேரத்தில் கிளைகள் முறியும் சத்தம், கொம்போடு கொம்பு மோதும் சத்தம். பிறகு அமைதி. பிறகு ஓரத்திலிருந்து ஒரு பெரிய இருட்டு பிரிந்து வந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக நடந்தது. கிழம் இப்படித்தான் நடக்கும். பெண்மானின் தடத்தை மோந்துகொண்டு போகும் எந்தக் கலைமானும் அப்படித்தான் நடக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார். கறுப்புக் கோடு மானின்மேல் மறைந்தது. திருகைத் திருப்பினார். புள்ளி தெரியவில்லை. இன்னும் இரண்டு படி. இன்னும் இரண்டு. இப்போது தெரிந்தது. ஆனால் அது புள்ளியாக இல்லை. கண்ணீர் வழியாகப் பார்க்கும் மெழுகுவர்த்தி போலச் சிவப்புக் கதிர்கள் நாலு பக்கமும் நீண்டன. அந்தக் கதிர்களுக்குப் பின்னால் மான் ஒரு கறுப்புத் திட்டு. காது எங்கே? தலை எங்கே என்பதே உத்தேசம்தான்.

காது தெரியலன்னா சுடக் கூடாது. அவருடைய வாக்கியம் அது. அவருக்கே கேட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் கேட்டது: இந்த இடத்துக்கு வேறு எது வரும்? கத்தினது கிழிகாதுதானே. செரபினே சொன்னானே. பத்தொன்பது வருடமாகத் தப்பாத கணக்கு ஆயிற்றே.

சுட்டார்.

மான் பத்தடி ஓடி விழுந்தது. வழக்கப்படிக் கொஞ்ச நேரம் காத்திருந்து இறங்கிப் போனார். மண்டியிட்டு, முதலில் இடது காதைத் தொட்டார். முழுக் காது. ஈரமாக, நுனிவரைக்கும் முழுதாக இருந்தது. ஒருவேளை பக்கத்தைத் தவறாகப் பிடித்தோமோ என்று மற்றக் காதைத் தொட்டார். அதுவும் முழுது. வாயைத் திறந்து கடைவாய்ப் பற்கள்மேல் கட்டைவிரலை ஓட்டினார். கிழத்தின் பல் தேய்ந்த தட்டு போல வழவழவென்று இருக்கும். இது ரம்பம் போலக் கூர்மையாக இருந்தது. ஏழு வயது. விரலுக்குக் கண் தேவைப்படவில்லை. கடைசியில் கொம்பைப் பிடித்தார். கை மேலே ஏறி, நுனியில் கிண்ணம் போல விரிந்த இடத்துக்கு வந்து நின்றது. அந்தக் கிண்ணம் அவர் கைக்குத் தெரியும். போன ஏப்ரலில் பனி உருகிய ஓடைக்கரையில் அதை எடுத்துச் செரபினிடம் கொடுத்தது அதே கைதான்.

போனில் கூப்பிட்டார்.

"செரபின், வா."

"விழுந்துதா கிழிகாது?"

"இல்ல."

"அடிபட்டு ஓடிடுச்சா? நாயைக் கூட்டிட்டு வரவா?"

"வேண்டாம். விழுந்திருச்சு. உன்னோடது."

மறுபக்கம் போன் துண்டானது.

செரபின் டிராக்டரில் வந்தார். விளக்கை மானின்மேல் அடித்துவிட்டு உடனே அணைத்தார். ஒரு ஊசியிலைக் கிளையை ஒடித்து, கடைசிக் கவளமாக மானின் வாயில் வைத்தார். இன்னொரு சின்னக் கிளையை ஒடித்தார். அதைத் தொப்பியின்மேல் வைத்து, சுட்டவருக்கு நீட்டிக் கைகுலுக்க வேண்டும். அதுதான் முறை. செரபின் அந்தக் கிளையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மானின் தோளிலேயே வைத்துவிட்டார். ஆல்பன் கையை நீட்டவும் இல்லை.

செரபின் துப்பாக்கியை வாங்கித் திருகைப் பார்த்தார்.

"ஒம்பதுல வெச்சிருக்கே."

"ம்."

"எப்ப இருந்து, ஆல்பன்?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷமா! எங்ககூட மேஜையில உக்காந்துகிட்டு!"

"பல்லு கையிலயே தெரியும்டா. அதுக்குக் கண்ணு வேணாம்."

செரபின் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று ஆல்பன் எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பரண்ல உன் பக்கத்துல நான் உக்காந்திருப்பேனே. காத நான் பாத்துச் சொல்லியிருப்பேன். நீ சுட்டிருப்ப. யாருக்குத் தெரியப்போகுது?"

இப்படி ஒரு வழி இருந்தது ஆல்பனுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் ரோஸ்விதா எதுவும் கேட்காமல் அவரைக் காரில் ஏற்றி மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இளம் பெண் மருத்துவர். விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ரெண்டு கண்ணுலயும் புரை. வெளிச்சம் பட்டா உள்ளயே சிதறும். செதறினா பின்னாடி இருக்கறது தெரியாது. எடுத்துடலாம். ஒரு கண்ணுக்கு இருபது நிமிஷம்."

"எங்க அப்பாவுக்குக் கண்ணழுத்தம்னு சொன்னாங்க. பதினொரு வருஷம் பார்வையில்லாம..."

"உங்க அப்பாவுக்கு வந்தது கண்ணழுத்தம்னு சொல்றீங்க. அது வேற நோய். அந்தக் காலத்துல வழியில்ல. உங்களுக்கு அழுத்தம் இல்ல, இது வெறும் புரைதான். மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே?"

திரும்பும் வழியில் ரோஸ்விதா காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மூணு பல்பு மாத்தினேன், ஆல்பன். மூணு பல்பு."

நவம்பரில் ஒரு கண், டிசம்பரில் மற்றது. ஜனவரியில் கண் முழுதாகத் தெளிந்து பார்த்தபோது எதிர்மலையில் மரங்கள் தனித்தனியாக நின்றன. மேலே வெட்டவெளி தெரிந்தது. பரணின் ஏணிப்படிகளைக்கூட எண்ண முடிந்தது. ஆல்பன் எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னல் கதவைச் சாத்தினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைத் திறக்கவில்லை.

பிப்ரவரி வந்தது. மண்டபத்தில் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள்: செரபின், கால்நடை மருத்துவர், ஆல்பன். தன் இடத்தை விட்டுத்தருவதாக ஆல்பன் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். இந்த வருடம் முடியட்டும் என்று செரபின் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. கடைசியாக அந்தக் கொம்பு வந்தது.

ஆல்பன் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பல மாதம் செரபினின் பொறுப்பில் இருந்த கொம்பு. ஒரு பக்கத்துக்கு ஏழு கிளை. முத்துமுத்தாகச் சொரசொரத்த தண்டு. நுனிகள் தந்தம் போல வெளுத்திருந்தன. பள்ளத்தாக்கில் யாரும் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் காட்டில், உயிரோடு, நல்ல கண்ணோடு அவர் பார்க்கவே இல்லை.

"காயம்பட்ட மானை எந்த வயசுலயும் சுடலாம்னு சட்டம் இருக்கு" என்றார் செரபின், தாளைப் பார்த்தபடி. "இது நொண்டிச்சு. முன்னங்கால். நான் அன்னிக்கே பாத்தேன். எழுதிக்கலாம்."

கால்நடை மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நொண்டல, செரபின்."

"நான் தலைவன். நொண்டிச்சுன்னு நான் சொல்றேன்."

"உன் மான் நல்லா நடந்துச்சுடா. நல்லா நடந்து வந்துச்சு."

ஆல்பன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். சிவப்புப் புள்ளி ஒன்றை உரித்தார். விரல் நுனியில் அது தெளிவாக, வட்டமாக, கதிர் எதுவும் இல்லாமல் இருந்தது. நெற்றி எலும்பின் நடுவே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் ஊரே வந்தது. அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்தார், தன் பெயருக்குப் பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் அந்தக் கொம்பைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். வெண்டலின் இரண்டு கோப்பை ஷ்நாப்ஸ் சாராயத்தோடு வந்தபோது, இப்போது கேட்பான் காதைப் பற்றி என்று ஆல்பன் நினைத்தார்.

"அங்க என்ன தனியா நிக்கற? எங்க மேஜைக்கு வா" என்றார் வெண்டலின். "செவப்புப் புள்ளிக்காரங்க மேஜை. இத்தன வருஷமா நாலு பேர்தான் இருந்தோம். நீதான் ஒவ்வொருத்தரா அனுப்பி வெச்ச."

ஆல்பன் போய் உட்கார்ந்தார். கோப்பையைத் தொடவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் அந்த மேஜையிலேயே இருந்தார்.

மார்ச் மாதம், கொம்பைத் தோளில் சுமந்துகொண்டு செரபின் வீட்டுக்கு நடந்து போனார். செரபின் களஞ்சியத்தில் இருந்தார். சுவரில் ஆறு ஜோடி, சிறியதிலிருந்து பெரியதுவரை. ஆறாவதுக்கு அடுத்த இடம் காலி. ஐந்து ஜோடிக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

செரபின் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார். ஏழாவது இடத்தில் ஆணி அடித்தார். கொம்பை வாங்கி மாட்டிவிட்டு, நெற்றியில் இருந்த புள்ளியை நகத்தால் சுரண்டப் போனார்.

"இருக்கட்டும்" என்றார் ஆல்பன்.

செரபின் கையை இறக்கினார். இரண்டு பேரும் அந்தக் காலிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு செரபின், "சூப் இருக்கு, பார்லி சூப். சாப்பிட்டுப் போ" என்றார். ஆல்பன் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேட்டை அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. ஸ்கோப்பை மார்லீஸிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை விற்கவில்லை. பின்பக்கக் கதவருகே வைத்திருக்கிறாள். அவசரப்படும் ஆட்களிடம் அதைக் கொடுத்து, இருட்டும்வரை உட்காரவைக்கிறாள். செரபின் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மான் இருந்திருந்தாலும் அவர் எழுபத்தாறு வரைக்கும் இருந்திருக்க மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆல்பன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கிழிகாது இரண்டு பனிக்காலம் தாங்கியது.

அந்தக் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். கடையில் புள்ளி எரிந்தபோது, தன் கண்ணிலும் இன்னும் ஒளி இருக்கிறது என்று அவரால் நம்ப முடிந்தது. மருத்துவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அடுப்புப் பலகைதான்.

இதைப் படிப்பவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பல்பு மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தால், பகல் வெளிச்சத்தில் ஒரு ஸ்கோப்பை எடுத்துப் பார்த்து இதுதான் என்று சொன்னால், அவர்களுக்கு ஆல்பனின் கதையைச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். நான் அவரிடம் கேட்டுவிட்டேன். சொல்லலாம் என்றார்.